கடைசிப் பந்தி: வீட்டு விருந்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. அப்பா காலத்திலேயே நிறுத்தியாகிவிட்டது. பொங்கல் உண்டு. சாமி படம் இல்லாமல், ஆனால் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, தலைவாழை இலை எல்லாவற்றோடும். தஞ்சைப் பகுதியின் சிறு நகரம் ஒன்றில் நடக்கும் அந்த விருந்துக்கு வெளியூர்த் தோழர்களும் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலுக்கு 14 பேர் வந்திருந்தார்கள். பத்து நாள் முன்பே சிட்டை போட்டாயிற்று. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி. காயில் பரங்கி, மொச்சை, அவரை, சேனை, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய். எத்தனை பந்தி, பாய் போதுமா, யார் பரிமாறுவது என்பதையெல்லாம் நானும் அண்ணனும் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்தோம். அடுப்படிக் கணக்கு அம்மாவுடையது, அண்ணியுடையது. அதை நாங்கள் கேட்கவுமில்லை.

முதல் பந்தியில் பேச்சு சேரன்மாதேவி குருகுலப் போராட்டத்தைப் பற்றிப் போயிற்று. நல்ல விவாதம். ஒரு தோழர் சாப்பிட்டு முடித்துத் தன் இலையைத் தானே எடுக்கக் குனிந்தார். அம்மா பதறிப்போய், "நீங்க விடுங்க தம்பி, அவ வந்து எடுப்பா" என்றார்.

"அவ" என்றது முப்பது வருஷமாக எங்கள் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் துலக்குகிற அம்மாவை. தலித் பெண். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அன்றைக்கு அவர் எங்கே சாப்பிட்டார்? எல்லாரும் எழுந்தபிறகு, கொல்லைப் படியில், தான் கொண்டுவந்த தூக்கில் வாங்கிக்கொண்டு, பாதியை வீட்டுக்கு மீத்து வைத்துவிட்டு. யாரும் அவரை உள்ளே வராதே என்று சொன்னது கிடையாது. வா என்று சொன்னதும் கிடையாது. குருகுலத்தில் இரண்டு பையன்கள் தனியே உண்டதைப் பற்றிக் கூடத்தில் நாங்கள் சூடாகப் பேசிக்கொண்டிருந்தோம். கொல்லையில் ஒருவர் தனியே உண்ணக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் உண்ண வேண்டிய இரண்டு பெண்கள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இதைக் குற்றவுணர்வைக் கழுவிக்கொள்வதற்காக எழுதவில்லை. குற்றவுணர்வு நமக்கு மலிவாகக் கிடைக்கிற பண்டம்தான். நான் கேட்க விரும்புவது வேறு. சேர்ந்துண்ணல் என்பதற்காகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பலர் போராடியிருக்கிறார்கள். சட்டம் வந்தது, ஓட்டல் திறந்தது, கோயில் மண்டபத்தில்கூட இலை போட்டார்கள். அந்த வரலாறு ஏன் நம் வீட்டு நிலைப்படியில் வந்து நின்றுவிட்டது?

2

சொல்லிலிருந்து தொடங்கலாம். விருந்து என்றால் இன்று நமக்குச் சாப்பாடு. வடை, பாயசம், பதினொரு வகைக் காய். பழைய தமிழில் அச்சொல்லுக்குப் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் அதை அந்தப் பொருளில்தான் ஆள்கிறது. பிறகு அது புதிதாக வந்தவரைக் குறித்தது. குறளின் 'விருந்தோம்பல்' அதிகாரத்தில் ஓம்பப்படுவது ஆள், பண்டமில்லை. முன்பின் தெரியாத ஆளுக்குச் சோறு போடுவது என்பதிலிருந்து, நன்றாகத் தெரிந்த ஆட்களுக்கு நிறையச் சோறு போடுவது என்பதாகச் சொல் நகர்ந்திருக்கிறது. பொங்கல் விருந்துக்கு நாம் போடும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மாமா, சித்தப்பா, சம்பந்தி வீடு, பக்கத்து வீடு, தோழர்கள். இதில் விருந்து எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு சாப்பிடுவதைத்தான் நாம் விருந்து என்கிறோம்.

பெரும்பாணாற்றுப்படையில் பாணன் நடந்து போகிறான். எயினர் குடியில், ஆயர் குடியில், உழவர் வீட்டில், வலைஞர் வீட்டில், அந்தணர் வீட்டில் என்று ஒவ்வோர் இடத்திலும் அவரவர் உண்பதைப் பெற்று உண்ணலாம் என்று அவனுக்கு வழி சொல்லப்படுகிறது. இதை வைத்துச் சங்க காலத்தில் சமத்துவம் நிலவியது என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வள்ளலைப் புகழ எழுதப்பட்ட பிரதி அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரதிக்குள் எல்லா அடுப்படிக்கும் விருந்தாகப் போகக்கூடிய பாணன், பின்னாட்களில் யார் வீட்டுக்கும் போக முடியாதவனாகிப் போனான். திருப்பாணாழ்வார் கதையில் பாணர் குலத்தவர் திருவரங்கத்தின் மண்ணையே மிதிக்கக் கூடாதவர். காவிரியின் அக்கரையில் நின்று பாடியவர். விருந்தினன் தீண்டப்படாதவனாக ஆன இந்த இடைவெளிதான் நம் சாப்பாட்டு வரலாற்றின் மையம். விருந்தோம்பலைத் தமிழ்ப் பண்பாடு என்று பெருமை பேசும் நூல்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

இன்னொன்று. குறளில் விருந்தோம்பல் இல்லறவியலில் வருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்துபோன காலத்தில் தான் இழந்தவை என்று கண்ணகி சொல்பவற்றில் விருந்து ஏற்பதும் ஒன்று. கணவன் வீட்டில் இல்லாதபோது விருந்தழைக்கும் உரிமை அவளுக்கு இல்லை. சமைக்கும் கடமை பெண்ணுக்கு, அழைக்கும் அதிகாரம் ஆணுக்கு என்ற பிரிவினை அவ்வளவு பழசு. நானும் அண்ணனும் கூடத்தில் உட்கார்ந்து பந்திக் கணக்குப் போட்டோம் என்று மேலே எழுதினேனே, அதற்கு இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம் சொல்லலாம் போலிருக்கிறது.

3

பொங்கல் அறுவடைத் திருநாள் என்கிறோம். அறுத்தவர் யார், பொங்கியவர் யார் என்று கேட்டால் விருந்தின் வடிவம் தெரியும்.

காவிரிப் படுகையில் நிலம் ஒரு கையில், உழைப்பு இன்னொரு கையில். பண்ணையாட்களுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. பண்டிகைக்கு ஒரு துணி, கொஞ்சம் நெல், பொங்கல் சோறு, ஒரு கரும்பு. அவற்றை வாங்க அவர்கள் வாசல் வழியாக வரவில்லை. கொல்லை வழியாக வந்தார்கள். என் பாட்டி அந்தக் காட்சியைப் பெருமையோடு சொல்வார்: "நம்ம ஆளுங்க அத்தன பேரும் வந்து நிப்பாங்க, யாரும் வெறுங்கையோட போனதில்ல." பாட்டியின் கணக்கில் அது தர்மம். நின்றவர்கள் கணக்கில் அது அவர்களே விளைவித்த நெல், அவர்கள் கைக்கு எச்சமாகத் திரும்பி வருவது.

இதே மண்ணில்தான் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்தன. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் அவற்றை நிறுத்தச் செய்ய விவசாயச் சங்கம் போராட வேண்டியிருந்தது. ஒருவர் வாயில் எதை ஊற்றுவது என்று தீர்மானிக்கிற அதிகாரமும், பண்டிகைக்கு அவருக்கு எவ்வளவு சோறு போடுவது என்று தீர்மானிக்கிற அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. இதைப் பார்க்காமல் பண்ணை வீட்டு ஈகையைப் பற்றிப் பேச முடியாது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பக்கம் நின்ற தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அடுத்த பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்தப் பொங்கலுக்கும் ஊரில் பானை வைத்திருப்பார்கள்.

சோறே விருந்தாக இருந்த காலம் அது. நஞ்சையில்லாத ஊர்களில் கேழ்வரகும் கம்பும் சோளமும்தான் அன்றாடம். நெல்லுச் சோறு பண்டிகைக்கு. 1967 தேர்தலில் அரிசி ஓர் அரசியல் சொல்லானது தற்செயல் இல்லை. அன்று ரூபாய்க்குப் படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பொங்கலுக்குப் பச்சரிசியும் சர்க்கரையும் கரும்பும் அரசே தந்திருக்கிறது. கொல்லையில் வந்து நின்று வாங்க வேண்டிய தேவையை இவை பெருமளவு உடைத்தன. திராவிட இயக்க ஆட்சிகளின் மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம்; இந்த உடைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் தேவை போனபிறகும் கொல்லை வழி மிஞ்சியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்தவருக்குச் சோறு எங்களிடம்தான் கிடைக்கும் என்ற நிலை இல்லை. அவர் வீட்டிலும் அன்று பொங்கல். ஆகவே அவரை அங்கே உட்கார வைத்தது பசி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பழக்கம் என்று சொல்லலாம். பழக்கம் என்பது அதிகாரம் தன் பெயரை மறந்துபோன நிலை.

4

இனிப் பந்திக்கு வருவோம். தென்கோடியில் அய்யா வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பொதுக் கிணற்றையும் சேர்ந்துண்ணலையும் தம் இயக்கத்தின் அடிப்படையாக்கினார். 1867இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் திறந்தார். பசிதான் அங்கே தகுதி. கேரளத்தில் 1917இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் நடத்திய கலப்பு விருந்துக்காக அவருடைய சாதியினரே அவரை ஒதுக்கினார்கள்.

பிறகு குருகுலம். வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்துக்குக் காங்கிரசு 10,000 ரூபாய் தர ஒப்பி, பாதியைக் கொடுத்திருந்தது. பொதுப்பணம், தேசியக் கல்வி. அங்கே இரண்டு பிராமண மாணவர்கள் மற்றவர்களோடு உண்ணாமல் தனியே உண்டார்கள். 1924, 1925ஆம் ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை எதிர்த்துக் கிளப்பிய கேள்வி தமிழக அரசியலையே புரட்டிப்போட்டது. 1925 இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. தனிப்பந்திக்குச் சொல்லப்பட்ட காரணம் பெற்றோரின் விருப்பம். அதாவது வீடு. வீட்டு ஒழுங்கைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்த்தவர்கள் பொது இடத்திலிருந்து அதை வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டது எங்கே போயிற்று? புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போயிற்று.

அதன்பின் நடந்தவையும் இந்த வழியில்தான். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கெனத் தனியிடம் இருந்தது 1941இல் ஒழிந்தது. 1950இல் அரசியல் சட்டம் கடைகளையும் உணவு விடுதிகளையும் எல்லாருக்கும் திறந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1957இல் ஓட்டல் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கப் பெரியார் திருவல்லிக்கேணியில் போராட்டம் நடத்தினார். ஆகஸ்ட் 15க்கும் அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3க்கும் கோயில்களில் சமபந்தி நடத்தும் வழக்கம் வந்தது. வெற்றிகள் எல்லாம் உண்மையானவை. எல்லாம் வீட்டுக்கு வெளியே கிடைத்தவை. யாரை விருந்துக்கு அழைப்பது, எந்தப் படியில் உட்கார வைப்பது என்பதில் சட்டம் தலையிடவில்லை, தலையிடவும் முடியாது.

அம்பேத்கர் இதை முன்பே கண்டவர். லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு ரத்தானதால் 1936இல் தாமே அச்சிட்ட உரையில், சேர்ந்துண்பதால் மட்டும் சாதி போகாது, சாதி மீறிய மணமே மருந்து என்று வாதிட்டார். சமபந்தி ஒரு நாள் கூத்தாக முடியும் ஆபத்தை நாம் அந்த உரையிலிருந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும். 2011–12இல் நடந்த இந்திய மானுட வளர்ச்சிக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி இருந்தது. தீண்டாமை பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றவர்களிடம், தலித் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்து பாத்திரத்தைப் புழங்கலாமா என்று கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாடு முழுவதும் 100க்கு 27 குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை பார்ப்பது தெரிந்தது. கணக்கெடுப்புக்காரர் கேட்ட அந்த இரண்டாவது கேள்வியை என் வீட்டில் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

5

விருந்துக்கு என்ன சமைப்பது என்பதும் அரசியல்தான். "எல்லாரும் வர்றாங்க, சைவமாவே வச்சிரலாம்" என்கிறோம். ரொம்பப் பெருந்தன்மையான பேச்சாகத் தெரியும். சைவம் சாப்பிடுகிறவர் மனம் நோகக் கூடாது. மாட்டுக்கறி சாப்பிடுகிறவர் ஒரு நாள் விட்டுக்கொடுக்கட்டும். விட்டுக்கொடுப்பது எப்போதும் ஒரே பக்கம்தான். பெரும்பான்மையினர் கறி தின்கிற ஒரு நாட்டில், சிறுபான்மையினரின் இலை 'பொது' ஆகிறது. மற்றதெல்லாம் 'தனி' ஆகிறது. கோயில் சமபந்தியும் சைவம்தான். பந்தியில் உட்காரும் உரிமை கிடைத்தது. இலையில் என்ன விழ வேண்டும் என்று சொல்லும் உரிமை கிடைக்கவில்லை.

சமைப்பவர் விஷயமும் இப்படியே. பிராமணரல்லாத வீட்டு விசேஷத்திலும் ஐயர் சமையல் என்று பெருமையாகச் சொல்வது இன்னும் நடக்கிறது. மேலிருப்பவர் சமைத்ததைக் கீழிருப்பவர் எல்லாரும் உண்ணலாம் என்ற விதிதான் அது. அந்த விதியின் மறுபாதி 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் வெளிப்பட்டது: சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். எதிர்த்தவர்கள் பிராமணர்கள் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குருகுலப் போராட்டத்தின் பெருமையை உரிமை கொண்டாடுகிற நம்மைப் போன்ற இடைநிலைச் சாதியினருக்கு அது சொந்தக் கண்ணாடி.

6

இலைக்கு வருவோம். சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கம் மடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த வீடு, அதை எடுப்பது யார் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, நாயக்கர் வீட்டில் வேலை செய்த பாட்டி மிச்சச் சோற்றைத் தள்ளி நின்று வாங்கும் காட்சியைப் படித்து நாமெல்லாம் அதிர்ந்தோம்; விமர்சனக் கூட்டம் போட்டோம். கரூர் மாவட்டம் நெரூரில் எச்சில் இலைகள்மேல் உருளும் சடங்கு 2015இல் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டு, 2024இல் தனி நீதிபதி ஒருவரால் அனுமதிக்கப்பட்டு, 2025இல் மறுபடி தடுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் நாம் கண்டித்தோம். எச்சில் இலை என்பது இந்தச் சமூகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற குறியீடு என்று எழுதவும் செய்தோம். வீட்டில் இலை எடுக்க ஆள் இருந்தது.

அடுப்படியில் நின்ற இரண்டு பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று அம்மாவும் அண்ணியும் உட்கார்ந்தபோது மணி மூன்றரை. வடை தீர்ந்துபோயிருந்தது. சேர்ந்துண்ணல் வரலாற்றில் அவர்களுடைய பந்திக்குப் பெயரே இல்லை. சாதிப்பந்தி என்று ஒன்று இருந்ததால் அதை எதிர்க்க முடிந்தது. வீட்டுப் பெண்கள் கடைசியில் உண்பதை அன்பு, பொறுப்பு, 'அவங்களுக்கே அப்படித்தான் பிடிக்கும்' என்றெல்லாம் சொல்லி மூடிவிட்டோம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988லேயே காட்டியது, அடுப்படி பெண்ணின் சிறையாகவும் அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆட்சிப் பகுதியாகவும் ஒருசேர இருக்கும் நிலையை. "அவ வந்து எடுப்பா" என்ற அம்மாவின் குரலை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கூடத்தில் எதையும் தீர்மானிக்க முடியாத ஒருவர், கொல்லையை மட்டும் தீர்மானிக்க முடிந்த குரல் அது. ஆணாதிக்கம் அம்மாவுக்குக் கொடுத்த சிறிய அதிகாரத்தைச் சாதி செலவழித்தது. இதைச் சொல்வதால் அம்மாவுக்கு விலக்கு கிடையாது. எனக்கும் கிடையாது; மூன்றரை மணி வரை நான் திண்ணையில் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

7

அடுத்த பொங்கலுக்குச் சில மாற்றங்கள் செய்தோம். ஆண்கள் காய் நறுக்கினோம், தேங்காய் துருவினோம், பரிமாறினோம். ஒரே பந்தி, எல்லாரும் ஒன்றாக உட்காருவது, நடுவில் பாத்திரங்களை வைத்து அவரவர் போட்டுக்கொள்வது. இலையை அவரவர் எடுப்பது. அம்மா முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு, "வடை சூடா இருக்குறப்ப தின்னு எத்தன வருஷமாச்சு" என்றார்.

அந்த வருஷம் கொல்லைக்கு வரும் அம்மாவையும் அழைக்கப் போனேன். வேலைக்கு வேண்டாம், சாப்பிட வாங்க, கூடத்தில் எல்லாரோடும் உட்காரலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இத்தன வருஷமா ஒங்க வீட்டுச் சோறுதான தம்பி தின்னேன். மொதல்ல நீங்க எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க. அப்புறம் நான் வாரேன்" என்றார்.

நான் எழுதிவைத்திருந்த திட்டத்தில் இது இல்லை. அழைப்பது நாம், வருவது அவர்கள் என்றே சமபந்தியை யோசித்துப் பழகியிருக்கிறோம். இலை போடுகிறவர் கை எப்போதும் மேலே இருக்கும். தேர்தல் நேரத்தில் தலைவர்கள் சேரியில் போய்ச் சாப்பிடுவது உண்டு. கூடவே புகைப்படக்காரரும் போவார். அவர் கேட்டது அதை இல்லை. அவர் வீட்டு அடுப்பில் அவர் விருப்பப்படி சமைத்ததை, அவர் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து உண்ணும் விருந்தாளியாக என்னைக் கேட்டார். பழைய பொருளில், விருந்தாக.

பொங்கல் முடிந்து கறி எடுக்கிற நாளில் நானும் அண்ணியும் போனோம். மாட்டுக்கறிக் குழம்பு, சோறு, ரசம். சாப்பிட்டபின் இலையை எடுக்கப் போனேன். "விருந்துக்கு வந்தவுங்க இல எடுக்கக் கூடாது, வையுங்க" என்றார். எடுத்தது அவர் மகன், பள்ளிக்கூட ஆசிரியர். அண்ணன் வருவதாகச் சொல்லி வரவில்லை. அம்மா வருவதாகச் சொல்லவே இல்லை. ஆகவே அவரும் இன்னும் எங்கள் கூடத்துக்கு வரவில்லை. எல்லாரும் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இந்த வருஷச் சிட்டையில் அரிசி, பருப்புக்கு மேலே அதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.